மூலத்தில் சூடான வாயு

சூசைராஜ் அச்சடித்த நோட்டீஸில் பொய் என்று ஒரு சொல்லைக் காட்ட முடியாது. முத்துராமன் புதுக்கோட்டையிலிருந்து தன் பேச்சுக்கு எழுதி அனுப்பிய தலைப்பு இது: 'மூல நட்சத்திரத் திசையில், நமது விண்மீன் மண்டலத்தின் மையத்தருகே உள்ள அயனியாக்கப்பட்ட வாயுவைப் பற்றிய ரேடியோ ஆராய்ச்சி.' இதை அப்படியே போட்டால் தேதி போட இடமிருக்காது என்று அச்சகத்துக்காரர் கையை விரித்துவிட்டார். அயனி என்றால் கறம்பக்குடியில் யாருக்கும் விளங்காது என்பதும் சூசைராஜுக்குத் தெரியும். அவர் ஆவூர்க்காரர், கறம்பக்குடிப் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர், எதையும் சுருக்கிச் சொன்னால்தான் ஜனங்கள் வருவார்கள் என்று நம்புகிறவர். சுருக்கினார். 'மூலத்தில் சூடான வாயு' என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே 'பேசுபவர்: ம. முத்துராமன், எம்.எஸ்ஸி., ஆஸ்திரேலியா சென்று திரும்பியவர். கேள்விகளுக்கு விளக்கம் அளிப்பார். அனுமதி இலவசம்' என்று முடித்துவிட்டார்.

சந்தையில் நோட்டீஸ் பறந்தது. பல வருஷமாக உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் அவதிப்பட்டுக்கொண்டிருந்த ஆட்கள் அதை மடித்து மடியில் செருகிக்கொண்டு, வெளிநாட்டு டாக்டர் வருகிறார் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார்கள். இந்த விவரம் முத்துராமனுக்குத் தெரியாது. அவன் நினைப்பு வேறு இடத்தில் இருந்தது.

கறம்பக்குடி என்ற பெயர் வந்தாலே அவன் பேச்சை மாற்றிவிடுவான். சூசைராஜ் கல்லூரியில் கூடப் படித்தவர், மூன்று தடவை ஆள் விட்டுக் கூப்பிட்டார், தட்டிக்கழிக்க முடியவில்லை. போதாததற்கு, மகன் பேசுவதைக் கேட்க வேண்டும் என்று அப்பா மலையாண்டியும் கிளம்பிவிட்டார். அப்பா இருக்கிற ஆலங்குடியில் இரண்டு பேரும் பஸ் ஏறினார்கள். கண்டக்டர் வந்ததும் முத்துராமன் சட்டைப் பையில் கை விட்டான். மலையாண்டி அந்தக் கையைப் பிடித்து வெளியே எடுத்தார்.

"கறம்பக்குடி ரெண்டு குடு தம்பி" என்றவர், மகன் பக்கம் திரும்பி, "நீ எடுக்காதப்பா. நீ எனக்குப் பண்ணினதுக்கு இந்த டிக்கெட்டு எம்மாத்திரம்?" என்றார்.

ஐந்து வருஷமாக இதுதான். அப்பா கூட வந்தால் அவன் ஒரு தடவைகூட டிக்கெட் எடுத்தது கிடையாது. பக்கத்து சீட்டில் இருப்பவர் யாராக இருந்தாலும் சரி, மலையாண்டி அவரிடம் மகன் பெருமையைத் தொடங்கிவிடுவார். "எம் மகன் படிச்சவன். நட்சத்திரம் கிட்சத்திரம் எதையும் நம்பாதவன். ஆனா அப்பன் உசுருன்னு வந்தப்ப ஒரு நல்ல பொண்ணையே வேண்டாம்னுட்டான்." கேட்கிறவர் முத்துராமனைக் கும்பிடாத குறையாகப் பார்ப்பார். முத்துராமன் ஜன்னலுக்கு வெளியே முந்திரிக் காட்டைப் பார்த்துக்கொண்டு வருவான். அவன் வெட்கப்படுகிறான், தற்பெருமை பிடிக்காத பிள்ளை என்று அதற்கும் ஒரு நல்ல பெயர் கிடைக்கும்.

அவன் வெட்கப்பட்டது உண்மைதான். எதற்காக என்பதுதான் அப்பாவுக்குத் தெரியாது.

ஐந்து வருஷத்துக்கு முன்னால், முத்துராமன் புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்த புதிது. கறம்பக்குடிக்குப் பக்கத்தில் ஆண்டிச்சாமி என்கிற விவசாயியின் மகள் செங்கமலத்தைப் பெண் பார்க்கப் போனார்கள். டீச்சர் டிரெயினிங் முடித்த பெண். கேசரி வந்தது, காப்பி வந்தது, பெண்ணும் வந்தாள். எல்லாம் முறைப்படி நடந்துகொண்டிருந்தபோது பெண்ணின் தாய்மாமன் குஷியில், "மாப்பிள்ளை சயின்ஸு, நீயும் சயின்ஸு. ஏதாச்சும் கேக்கணும்னா கேளு ஆத்தா" என்று சொல்லிவைத்தார். இப்படிச் சொன்னால் தலையைக் குனிந்து சிரித்துவிட்டு உள்ளே போய்விட வேண்டும். செங்கமலம் போகவில்லை. கேட்டாள்.

"பஞ்சாயத்து ரேடியோவுல திருச்சியை விட்டுட்டு முள்ளைத் திருப்புனா, அடுத்த ஸ்டேஷன் வர்ற வரைக்கும் ஷ்ஷ்னு ஒரு எரைச்சல் கேக்குதுல்லங்க. அந்த எடத்துல யாருமே பேசலையே, அப்ப அந்தச் சத்தம் எங்கேருந்து வருது?"

முத்துராமனுக்குத் தெரியவில்லை. எம்.எஸ்ஸி. முதல் வகுப்பு, ரேடியோவைக் கழற்றி மாட்டத் தெரியும், வால்வு வேலை செய்யும் விதத்தைப் பலகை நிறைய எழுதுவான், ஆனால் இதை ஒரு நாளும் யோசித்ததில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் தொண்டை வரை வந்தது. கூடம் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"அது மெஷின் கோளாறு" என்றான்.

"போன மாசம் புது ரேடியோ மாத்துனாகங்க. அதுலயும் வருதே" என்றாள் அவள். குறும்பாகச் சொல்லவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் சொன்னாள்.

தாய்மாமன் தொடையைத் தட்டிச் சிரித்தார். "மாப்பிள்ளைக்கு வாயடைச்சுப் போச்சுடோய்!" கூடமே சிரித்தது. மலையாண்டியும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அது நல்ல சிரிப்பு, சம்பந்தம் முடிந்துவிட்டது என்கிற சந்தோஷத்தில் சிரிக்கிற சிரிப்பு. முத்துராமனுக்கு மட்டும் வாயில் கேசரி மண்ணாக இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகும் அது ஆறவில்லை. கல்யாணம் ஆனால் ஆயுசு முழுக்க இவள் கேட்டுக்கொண்டே இருப்பாள், தான் முழித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று மனசு கணக்குப் போட்டது. வேண்டாம் என்று சொல்ல வேண்டும். கேள்வி கேட்டாள், பதில் தெரியவில்லை, அதனால் வேண்டாம் என்று எந்த ஆம்பிளை சொல்வான்? கௌரவமான காரணம் ஒன்று தேவைப்பட்டது.

"பொண்ணு என்ன நட்சத்திரம்ப்பா?" என்று கேட்டான். வாழ்க்கையில் அதுவரை அந்தக் கேள்வியை அவன் யாரிடமும் கேட்டதில்லை.

"மூலம்தான்ப்பா" என்றார் மலையாண்டி. "மாமனாருக்கு ஆகாதுன்னு சொல்லுவாக. எனக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்ல. பொண்ணு பிடிச்சுப் போச்சு. நான் இருக்குற வரைக்கும் இருந்துட்டுப் போறேன். நீ மனசைப் போட்டுக் கொழப்பிக்காத."

தேடிய காரணம் கையில் வந்து விழுந்தது. "ஒங்க உசுரோட என்னால வெளையாட முடியாதுப்பா" என்றான் முத்துராமன். கூடத்துச் சிரிப்பை நினைத்தபோது கண்ணில் தண்ணீரும் வந்தது. மலையாண்டி அந்தத் தண்ணீரைப் பார்த்தார். அந்த மனுஷன் மகனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு மூச்சு அழுதார். மறுநாள் காலையில் ஊருக்கெல்லாம் சொன்னார்.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், அந்தக் கேள்வி அவனை விடவில்லை. கல்லூரி நூலகத்தில் தேடினான். சென்னைக்குப் போய்த் தேடினான். தேடிய வேகத்தில் ஒரு ஸ்காலர்ஷிப் கிடைத்து, ஆஸ்திரேலியாவில் ஆடு மேய்கிற ஒரு வெட்டவெளியில், தெப்பக்குளம் அகலத்துக்கு நிறுத்திவைத்திருந்த இரும்புக் கிண்ணத்தின் அடியில் உட்கார்ந்து, இரண்டு வருஷம் அந்த இரைச்சலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான். திரும்பி வந்ததும் ஓவர்சியர் மகள் அழகியைக் கட்டிக்கொண்டான். அழகியின் நட்சத்திரம் எது என்று இன்றைக்குக் கேட்டாலும் அவனுக்குத் தெரியாது.

பள்ளிக்கூடத்தில் சூசைராஜ் ஓடி வந்து வரவேற்றார். மலையாண்டியைப் பிள்ளைகள் கூட்டிப்போய் முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். தலைமையாசிரியர் அறையில் காப்பியை நீட்டிவிட்டு சூசைராஜ் குரலைத் தாழ்த்தினார்.

"சார், ஒரு விஷயம். தப்பா எடுத்துக்கக் கூடாது. செங்கமலம் டீச்சர் இப்ப நம்ம ஸ்கூல்லதான் இருக்காங்க."

முத்துராமன் டம்ளரை மேசைமேல் வைத்துவிட்டான்.

"பழசைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல சார். அப்பாவுக்காகப் பண்ணினீங்க, அது பெரிய மனசு. நான்லாம் பிள்ளைகளுக்கு உதாரணமாச் சொல்றேன்" என்றார் சூசைராஜ். "ஆனா பாருங்க, அதுக்கப்பறம் டீச்சருக்கு ஒரு எடமும் அமையல. வர்றவன்லாம் என்ன சொல்றான்? சயின்ஸ் படிச்ச மாப்பிள்ளையே மூலத்துக்குப் பயந்து போனாருன்னா, அதுல ஏதோ இருக்குங்கறான். முன்னாடி அரைகுறையா நம்பினவன்கூட இப்ப முழுசா நம்புறான். இப்ப ரைஸ்மில் பெரியகருப்பன் தன் மகனுக்குக் கேக்குறாரு. நல்ல மனுசன். அவருக்கும் அந்தப் பயம்தான். நீங்க அந்த மூலத்தையே மெஷின் வச்சுப் பாத்தவருன்னு நான்தான் சொன்னேன். இன்னைக்கு ஒங்க வாயால கேட்டுட்டு முடிவு சொல்றேன்னுட்டாரு. டீச்சரோட அப்பாவும் வந்திருக்காரு. ஒரு வார்த்தை நல்லபடியாச் சொல்லிருங்க."

முத்துராமனுக்குக் காது இரண்டும் கொதித்தது. தான் சொன்ன ஒரு பொய், ஆறு மாசத்தில் எல்லாருக்கும் மறந்துபோயிருக்கும் என்று அவன் நினைத்திருந்தான். அது கறம்பக்குடியில் ஐந்து வருஷமாக ஒரு பெண்ணின் வாசலில் உட்கார்ந்துகொண்டு வருகிறவர்களையெல்லாம் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறது. அதுவும் சாதாரணப் பொய்யாக இல்லை. எம்.எஸ்ஸி. பட்டம் வாங்கிய பொய்யாக.

மைக் செட் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். உள்ளே ஒரு ஒலிபெருக்கி, கடைத்தெருவைப் பார்த்து வெளியே ஒன்று. ஹால் நிறைந்துவிட்டது. பாதிப் பேர் உட்காராமல் சுவரோரம் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்து, இடமில்லை போல என்று முத்துராமன் நினைத்தான். காரணம் பிறகுதான் தெரிந்தது. டீச்சர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சில் செங்கமலம் இருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். அவன் அந்தப் பக்கம் பார்ப்பதைத் தவிர்த்தான்.

பேச்சு என்னவோ நன்றாகத்தான் போனது. ஆனி மாசத்து ராத்திரியில் தெற்கே தேள் மாதிரி வளைந்து கிடக்கிற நட்சத்திரக் கூட்டத்தின் கொடுக்குதான் மூலம் என்றான். அது நமக்குக் கிட்டத்தில் இருப்பது. அதற்கு அந்தப் பக்கம், வெகு வெகு தூரத்தில், வெளிச்சம் நடந்து வரவே முப்பதாயிரம் வருஷம் ஆகிற இடத்தில், நம்முடைய விண்மீன் மண்டலத்தின் நடு மையம் இருக்கிறது. வழி நெடுக ஒரே புழுதி, அதனால் கண்ணுக்குத் தெரியாது. ரேடியோ அலை மட்டும் புழுதியைத் தாண்டி வந்துவிடும்.

"அங்க இருக்கிற வாயு சும்மா இல்ல, ஒடைஞ்சு கெடக்குது" என்று விளக்கினான். "பக்கத்துல இருக்கிற நட்சத்திரங்களோட சூட்டுல, அணுவுக்குள்ள இருக்கிற எலக்ட்ரான் பிச்சுக்கிட்டு ஓடிரும். வீட்டுல கோவிச்சுக்கிட்டுப் போன பிள்ளை மாதிரி. அப்பறம் என்னைக்காவது திரும்பி வரும். வந்தாலும் ஒரேயடியா வீட்டுக்குள்ள வராது. ஒவ்வொரு படியா எறங்கி வரும். ஒவ்வொரு படிக்கும் லேசா ஒரு மொனகல். அந்த மொனகலைத்தான் நாங்க ரேடியோவுல பிடிச்சோம்."

ஜனங்கள் ரசித்துச் சிரித்தார்கள். சூசைராஜ் எழுந்து, யாராவது கேள்வி கேட்கலாம் என்றதும், சுவரோரத்திலிருந்து ராக்கன் என்கிற ஆள் காலை அகட்டி நடந்து முன்னால் வந்தார். வண்டி ஓட்டுகிறவர்.

"எல்லாம் சரிங்க டாக்டரய்யா. வாயு சூடாத்தான் இருக்கு, மொனகலும் இருக்கு. எனக்குப் பத்து வருசமா இருக்கு. இதுக்கு மருந்து என்னன்னு நீங்க சொல்லவே இல்லையே?"

முத்துராமன் முழித்தான். சூசைராஜ் நோட்டீஸை எடுத்துப் பார்த்து, அப்போதுதான் அதை மூலவியாதிக்காரன் கண்ணால் வாசித்தார் போலும், நாக்கைக் கடித்துக்கொண்டார். ஹால் அதிர்ந்துபோகிற மாதிரி ஒரு சிரிப்பு. சுவரோரம் நின்ற பாதிப் பேர் மட்டும் சிரிக்கவில்லை. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு மெதுவாக வெளியேறினார்கள்.

சிரிப்பு அடங்கியபோது பெரியகருப்பன் எழுந்து நின்றார். வெள்ளைச் சட்டை, தோளில் உமி ஒட்டிய துண்டு. ரைஸ்மில் இரைச்சலில் பேசிப் பேசி அவர் குரலுக்கு மைக் தேவைப்படவில்லை.

"எனக்கு ஒடம்புல ஒண்ணும் இல்லைங்க. நான் கேக்குறது அந்த மூலத்தைப் பத்தி. மூலத்துல பொறந்த பொண்ணு மருமகளா வந்தா மாமனாருக்கு ஆகாதுங்குறாக. நீங்க அந்த எடத்தையே மெஷினை வச்சுப் பாத்தவுக. அங்கேருந்து எங்க வீட்டுக்கு ஏதாச்சும் வருமா, வராதா?"

"வராதுங்க" என்றான் முத்துராமன். மைக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டான். "அங்கேருந்து வர்றது ரேடியோ அலை மட்டுந்தான். அது மூலத்துல பொறந்தவுக, பொறக்காதவுகன்னு பாக்காது, எல்லார் மேலயும்தான் விழுது. அதால யாருக்கும் ஒண்ணும் ஆகாது. அந்த நட்சத்திரத்துக்கும் மாமனாருக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது."

பெரியகருப்பன் தலையாட்டினார். ஆனால் உட்காரவில்லை.

"அப்பறம் ஏன் சார் நீங்க எங்க ஊருப் பொண்ணை வேண்டாம்னீங்க?"

ஹாலில் ஒரு தலை பாக்கியில்லாமல் டீச்சர்கள் பெஞ்சுப் பக்கம் திரும்பியது. செங்கமலம் நேராக மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் அவளுடைய அப்பா ஆண்டிச்சாமி துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார்.

முத்துராமன் வாயைத் திறப்பதற்குள் முன்வரிசையில் மலையாண்டி எழுந்துவிட்டார்.

"அதை நான் சொல்றேன்" என்று மேடையேறி மைக்கைப் பிடித்தார். பட்டாளத்து ஆள் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "எம் மகன் மேல தப்பு இல்லைங்க. அவன் நட்சத்திரத்தை நம்புறவன் இல்ல. பொண்ணை எனக்குப் பிடிச்சிருந்துச்சு, கட்டிக்கன்னுதான் நானும் சொன்னேன். ஆனா அவன் கண்ணுல தண்ணி வச்சுக்கிட்டு, ஒங்க உசுரோட வெளையாட மாட்டேன்ப்பான்னான். எனக்காகத்தாங்க அந்தப் பொண்ணை விட்டான். இந்தக் காலத்துல எந்தப் பய அப்பனுக்காக இப்படிச் செய்வான்?"

சூசைராஜ் கை தட்டினார். ஹாலே தட்டியது. பெண்கள் பக்கம் ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். முத்துராமன் அந்தக் கைதட்டலுக்கு நடுவில் நின்றான். அடுத்தவன் வேட்டியை உருவிக் கட்டிக்கொண்டு சபையில் நிற்பது போல இருந்தது அவனுக்கு.

கைதட்டல் ஓய்ந்ததும் பெரியகருப்பன் மோவாயைத் தடவினார். "பெரியவரு சொல்றது சரி. பிள்ளைன்னா இப்படித்தான் இருக்கணும். ஆனா ஒண்ணு. இவ்வளவு படிச்ச மனுசனுக்கே, ஒருவேளை இருந்துட்டா என்ன பண்றதுன்னு உள்ளுக்குள்ள ஒரு பயம் இருந்திருக்குல்ல? நான் மூணாவதுகூடப் படிக்காதவன். நான் பயந்தா அது தப்பில்லையே?"

அது சம்பந்தம் முறிகிற பேச்சு என்று எல்லோருக்கும் புரிந்தது. ஆண்டிச்சாமி எழுந்து வாசலைப் பார்த்து ஒரு அடி வைத்தார்.

முத்துராமனுக்கு இப்போது எல்லாம் வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. பேசாமல் நின்றால் போதும், அவன் உத்தமப் பிள்ளை. மாலை மரியாதையோடு பஸ் ஏறலாம். அப்பா டிக்கெட் எடுப்பார். ஒரு பெண் மட்டும் இந்த ஊரில் இப்படியே இருந்துவிடுவாள். தன்மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

"பயமெல்லாம் ஒண்ணும் இல்லைங்க" என்றான்.

பெரியகருப்பன் சட்டென்று நிமிர்ந்தார். "பயம் இல்லையா? அப்ப பொண்ணுகிட்ட ஏதாச்சும் கொறையா?"

பாதி உண்மை சொன்னால் இப்படித்தான் ஆகும். நட்சத்திரத்தை எடுத்துவிட்டால் பழி நேராகப் பெண் தலையில் போய் விழுகிறது. இன்னும் ஒரு நொடி தாமதித்தால் இந்தக் கேள்வியும் ஒலிபெருக்கி வழியாகக் கடைத்தெரு முழுக்கச் சுற்றும். முத்துராமன் அப்பா கையிலிருந்து மைக்கை வாங்கினான்.

"கொறை எங்கிட்டங்க. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு அவுக ஒரு கேள்வி கேட்டாக. எனக்குப் பதில் தெரியல. எல்லாரும் சிரிச்சாக. தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அந்த வெக்கத்துலதான் பொண்ணு வேண்டாம்னு நெனச்சேன். சொல்றதுக்கு ஒரு காரணம் வேணும்னு தேடி, நானாத்தான் நட்சத்திரத்தைக் கேட்டேன். மூலம்னாக. வசதியாப் போச்சு. எங்கப்பா உசுரைச் சாக்காச் சொன்னேன். அவ்வளவுதாங்க. வேற ஒண்ணுமே இல்ல."

ஒலிபெருக்கி மட்டும் ஷ்ஷ் என்று இரைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் அப்பா நின்றுகொண்டிருந்தார். முத்துராமன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிச்சல் இல்லை. அவருடைய செருப்பு மேடைப் படியில் இறங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. அது முன்வரிசையில் நிற்காமல், நடுவழியாக வாசல் வரை போய், வெளியே போய்விட்டது.

செங்கமலம் எழுந்தாள்.

"அந்தக் கேள்விக்கு இப்பவாச்சும் பதில் தெரியுமா சார்?"

கேலி இல்லை. அன்றைக்குக் கேட்ட அதே குரல்.

"தெரியும் டீச்சர்" என்றான். "அந்த எரைச்சல்ல பெரும்பங்கு எங்கெங்கயோ இடிக்கிற இடி, மின்னல், மோட்டார், ரேடியோவுக்குள்ளயே வர்ற சத்தம். ஆனா ஷார்ட் வேவ் பக்கம் திருப்புனா, அதுக்குள்ள ஒரு துளி வானத்திலேருந்து வருது. நான் இப்பச் சொன்னேனே, அந்த நடு மையம், அந்தப் பக்கத்திலேருந்துதான் அது அதிகமா வருது. ரெண்டு வருசம் நான் ஒக்காந்து கேட்டது அதைத்தான்."

"அப்ப மெஷின் கோளாறு இல்ல."

"இல்ல டீச்சர்."

"தெரியாதுன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா, நானும் சரிங்கன்னு உள்ள போயிருப்பேன்" என்றாள் செங்கமலம். உட்கார்ந்துவிட்டாள். மன்னித்ததாகவும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பெரியகருப்பன் இத்தனையும் கேட்டுக்கொண்டு நின்றவர், துண்டை உதறித் தோளில் போட்டார்.

"எம் மவன் மில்லுல மோட்டார் பாக்குறவன். பத்தாவது தேறல. டீச்சர் கேக்குறதுல முக்காவாசிக்கு அவனுக்கு வெவரம் தெரியாது" என்றார். "ஆனா தெரியாதுன்னு சொல்லிப்புடுவான். அதுல அவனுக்கு ஒரு கூச்சமும் கெடையாது." அப்படியே ஆண்டிச்சாமி பக்கம் திரும்பினார். "என்ன சம்மந்தி, எங்க கெளம்பிட்டீக? ஆவணியில வச்சுக்கிருவமா?"

"மொதல்ல அவுகளைக் கூட்டிட்டு வாங்க" என்று பெஞ்சிலிருந்து செங்கமலத்தின் குரல் வந்தது. "நானும் ஒண்ணு ரெண்டு கேக்கணும்."

ஹால் சிரித்தது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் அந்தக் கூடத்தில் சிரித்த அதே நல்ல சிரிப்பு. முத்துராமன் மைக்கை மேசைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கினான். சூசைராஜ் வாங்கிவைத்திருந்த ரோஜா மாலை மேசையிலேயே கிடந்தது. அதை எடுத்துப் போடலாமா வேண்டாமா என்று அவர் தடுமாறியதை முத்துராமன் பார்த்தும் பார்க்காதது மாதிரி வெளியே வந்தான்.

கடைத்தெரு முழுக்க அவனைப் பார்த்தது. ஒலிபெருக்கி தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. டீக்கடைக்காரர் ஆற்றிய டீயை ஆற்றியபடியே நின்றார். மலையாண்டி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தார். மேடையில் அவ்வளவு நிமிர்ந்திருந்த மனுஷன், யாரும் தன்னைக் கவனித்துவிடக் கூடாது என்பது போல ஒரு தூணோடு ஒட்டி நின்றார். ஐந்து வருஷமாகச் சந்தையிலும் பஸ்ஸிலும் அவர் சொன்ன கதையைக் கேட்டவர்கள் எத்தனை பேர் என்று அவருக்கே தெரியாது. அத்தனை பேர் முன்னாலும் இன்று அவர் தலை குனிந்துவிட்டது.

பஸ் வந்தது. அவர் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். முத்துராமன் பக்கத்தில் உட்கார்ந்தான். முந்திரிக் காடு வந்தபோது மலையாண்டி வெளியே பார்த்தபடியே கேட்டார்.

"அன்னைக்கு ஒங் கண்ணுல தண்ணி வந்துச்சேப்பா?"

"அவங்க சிரிச்சதை நெனச்சு வந்துச்சுப்பா."

மலையாண்டி தோள் துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"பொண்ணு விசயம் போகட்டும். எனக்கு ஏதாச்சும் ஆயிருமேன்னு, ஒரே ஒரு நாளாச்சும் ஒனக்குப் பயம் வந்துச்சா?"

முத்துராமனுக்கு நாக்கு நுனியில் இரண்டு பதில்கள் வந்து நின்றன. வந்துச்சுப்பா என்று ஒன்று. தெரியலப்பா என்று ஒன்று. இன்றைக்கு இரண்டுமே பொய். அந்த நாட்களில் அவன் நினைத்ததெல்லாம் தன்னைப் பற்றித்தான். அப்பாவின் உயிர் என்பது வாய்க்கு வந்த ஒரு வார்த்தை.

"இல்லப்பா" என்றான்.

கண்டக்டர் பையைக் குலுக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"ஆலங்குடி ஒண்ணு குடு தம்பி" என்றார் மலையாண்டி.

கண்டக்டர் ஒரு டிக்கெட்டைக் கிழித்து அவரிடம் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளைப் பார்ப்பது போல முத்துராமனைப் பார்த்தார். முத்துராமன் சட்டைப் பையில் கை விட்டான். அந்தக் கையை யாரும் பிடிக்கவில்லை.